கைதுச் செய்தி போனில் வந்தால் என்ன செய்வது?

ஒருவர் கைதான செய்தி, கூடவே அவர் படம், அதற்குக் கீழே பத்தே நிமிடத்தில் "தூக்கில் போடு" என்று ஒரு கூட்டம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்ப்போம்.

முதலில், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புகார் வேறு, கைது வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு. கைது என்றால் போலீசுக்குச் சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். ஜாமீன் கிடைத்தது என்றால் "பணம் கொடுத்துத் தப்பிவிட்டான்" என்று பொருள் இல்லை, வழக்கு அப்படியேதான் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள். "கொலைகாரன்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் சரியாகிவிடாது. பகிரங்க விசாரணையில் சட்டப்படி குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரையும் நிரபராதியாகவே கருத வேண்டும் என்று 1948-ல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11-வது பிரிவே சொல்கிறது.

அப்புறம், முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1980-ல் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே, கூடாரத்தில் இருந்த ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அதன் தாய் லிண்டி சேம்பர்லின் சொன்னார். டிவியில் அவர் கதறி அழவில்லை, அதனால் இவள்தான் கொன்றிருப்பாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தெறித்திருந்தது குழந்தையின் ரத்தம் என்று நிபுணர் சாட்சியமும் வந்தது, 1982-ல் ஆயுள் தண்டனை. 1986-ல் குழந்தையின் மேல்சட்டை அந்தப் பாறைப் பக்கம் கிடைத்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அந்த 'ரத்தம்', வண்டியில் சத்தம் குறைவதற்காகத் தொழிற்சாலையில் அடித்த பூச்சு! 1988-ல் தண்டனை ரத்தானது, டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணையில் முடிவாக 2012 ஆகிவிட்டது.

நீதிமன்றமும் தப்பு செய்ததே என்று கேட்பீர்கள். செய்ததுதான். ஆனால் சாட்சியத்தை மறுபடி சோதிக்கவும் தீர்ப்பைத் திருத்தவும் அங்கே ஒரு வழி இருந்தது, ஃபார்வர்டு செய்த மெசேஜுக்கு அது கிடையாது.

படத்தைப் பகிராதீர்கள், இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சாட்சி, பலரை வரிசையில் நிறுத்தி அதில் ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு வரும் முன்பே அந்த முகத்தை நூறு தடவை போனில் பார்த்திருந்தால், அவர் அடையாளம் காட்டுவது சம்பவ இடத்தில் பார்த்தவரையா, போனில் பார்த்தவரையா? எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடிப்பது இதைத்தான். மனைவியைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற அமெரிக்க டாக்டர் சாம் ஷெப்பர்டின் வழக்கில், பத்திரிகைகள் கிளப்பிய ஆரவாரத்தில் நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று சொல்லி 1966-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. கோபத்தில் நாம் போடும் கூச்சல் கடைசியில் பாதிக்கப்பட்டவருக்கே எதிராகத் திரும்பலாம்.

பொறுத்திருங்கள் என்றால் புகார் கொடுத்தவரை நம்பாதீர்கள் என்று அர்த்தம் இல்லை. அவருக்கு வக்கீல் பிடித்துக் கொடுங்கள், ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போங்கள், பெயரை வெளியே விடாதீர்கள். உங்களிடம் வீடியோ இருந்தால் வெட்டாமல் ஒட்டாமல், எடுத்த போனிலேயே வைத்து, விசாரிப்பவர்களிடமோ வக்கீலிடமோ கொடுங்கள்.

ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்களா? சும்மா அழித்துவிட்டு நகராதீர்கள், எங்கே போட்டீர்களோ அங்கேயே திருத்தத்தையும் போடுங்கள். குடும்பக் குரூப்பில் மாமா போட்டிருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், "கைதுதான் ஆகியிருக்கு மாமா, தீர்ப்பு இன்னும் வரலை" என்று ஒரு வரி போதும்.