லீசிங் கேட்டு ஏறி இறங்க முன்னம்: கிரிப் விசாரணை என்றால் என்ன, அதை எப்படிக் கையாள்வது

புரட்டாசி பிறந்தால் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கிற லீசிங் கொம்பனிகளில் உட்காரக் கதிரை கிடைக்காது. காலபோகத்துக்கு உழவேண்டும், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம் வேண்டும், கையில் காசு இல்லை. போன வருசம் என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இரண்டு கிழமைக்குள் நாலு இடத்தில் விண்ணப்பம் கொடுத்தான், எங்கே வட்டி குறைவு என்று பார்க்கத்தான், வேறு ஒன்றுமில்லை. ஐந்தாவது இடத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிவிட்டு, கிரிப் என்கிற கடன் தகவல் பதிவு தெரிகிற திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இந்த மாதம் மட்டும் நாலு இடத்தில கேட்டிருக்கிறீங்கள். ஒருத்தரும் தரேல்லையோ?" என்றார்.

தரவில்லை என்று இல்லை. இரண்டு இடத்தில் ஓம் என்றவர்கள், தவணை கூட என்று இவன்தான் விட்டுவிட்டு வந்தவன். ஆனால் அந்தத் திரையில் அது தெரியாது, கேட்டது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருந்து நாங்கள் எவ்வளவு சொல்லியும் அந்தக் கோப்பு அன்றைக்கு நகரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை கடன் எடுக்கப் போகிற ஆள் என்றால் வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

படி 1: கிரிப் என்றால் என்ன என்று தெளிவாகுங்கள்

இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பதைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நீங்கள் வங்கியிலும் லீசிங் கொம்பனியிலும் எடுத்த கடன், கடனட்டை, மற்றவருக்குப் பிணை நின்றது, பணம் இல்லாமல் திரும்பிய காசோலை, இதெல்லாம் அங்கே சேரும். "உனக்குக் கிரிப்பில பேர் இருக்கு" என்று ஊரில் சொல்வதைக் கேட்டுப் பலர் பயந்துபோய் வங்கிப் பக்கமே போவதில்லை. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கும் அங்கே பேர் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதும் இல்லை. தகவலைக் கொடுக்கும், முடிவு எடுப்பது கடன் தருகிற இடம்.

படி 2: இரண்டு விதமான பார்வையைப் பிரித்துப் பழகுங்கள்

நீங்கள் கடன் விண்ணப்பம் கொடுத்ததும் அந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுக்கும். அது ஒரு விசாரணை. எந்தத் திகதியில் நடந்தது என்று பதிவாகும், அடுத்ததாக உங்கள் அறிக்கையைத் திறக்கிறவர் அதைப் பார்ப்பார். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது வேறு. அது கடன் தேடி அலைவதாகக் கணக்கில் வராது. என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி, "நானே எடுத்துப் பார்த்தால் என் கிரிப் பழுதாகுமோ?" என்பது. இல்லை, பயப்படாமல் எடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணா, அக்காமார் போனில் சொல்கிற ஹார்ட் செக் என்பது நிறுவனம் எடுப்பது, சொஃப்ட் செக் என்பது நாமே எடுத்துப் பார்ப்பது. அவர்கள் சொல்கிற எண்களைக் கேட்டு இங்கே குழம்பக் கூடாது என்பதால் அதையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று கணிக்க அமெரிக்காவில் பெரும்பாலும் பயன்படுகிற புள்ளிதான் ஃபைகோ ஸ்கோர், அது 300 இலிருந்து 850 வரை. அதில் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 வீதம், இருக்கிற கடன் அளவுக்கு 30 வீதம், கடன் வரலாறு எவ்வளவு நீளம் என்பதற்கு 15, புதுக் கடனுக்கு 10, கடன் வகைகளின் கலப்புக்கு 10. விசாரணை அந்தப் புதுக் கடன் பங்குக்குள் வருகிறது. ஒரு விசாரணையால் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும். பதிவு இரண்டு வருசம் அறிக்கையில் கிடக்கும், ஆனால் ஸ்கோர் கணக்கில் கடைசி 12 மாதத்தைத்தான் எடுப்பார்கள். வீட்டுக் கடனுக்கோ காருக்கோ பல இடத்தில் விசாரித்தால், புதிய கணக்கு முறைகளில் 45 நாளுக்குள் நடந்ததெல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும், பழைய முறைகளில் 14 நாள். கடனட்டைக்கு அந்தச் சலுகை இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி.

இது அந்த நாட்டு விதி. "45 நாளுக்குள்ள எத்தனை இடமும் கேட்கலாம்" என்று சிக்காகோவில் இருந்து வந்த ஆலோசனையை வைத்துக்கொண்டு கிளிநொச்சியில் நாலு படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். என் தம்பி செய்தது அதைத்தான்.

படி 3: உங்கள் அறிக்கையை நீங்களே முதலில் எடுங்கள்

கணக்கு வைத்திருக்கிற வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய், என் கிரிப் அறிக்கை எடுக்கவேண்டும் என்று கேளுங்கள், படிவம் தருவார்கள், ஒரு கட்டணம் உண்டு. கொழும்பு கோட்டையில் இருக்கிற பணியகத்துக்கு இதற்காகப் பஸ் ஏறத் தேவையில்லை. இணையத்திலும் எடுக்கலாம்.

படி 4: விசாரணைப் பகுதியை வாசியுங்கள்

பலர் முன்பக்கத்தில் நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பின்னால் போங்கள். கடன் தரும் நிறுவனங்கள் உங்களைப் பற்றி எப்போது விசாரித்தன என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பேனையை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது லான்ட்மாஸ்டருக்குக் கேட்டது, இது மாமாவின் கடைக் கடனுக்குப் பிணை நின்றது. பிணை நிற்கிறவரின் அறிக்கையையும் எடுப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உங்களுக்காக ஒரு ரூபாய் கடன் எடுக்காமலே பட்டியல் நீளமாக இருக்கலாம்.

அடையாள அட்டை இலக்கத்தையும் பெயரையும் சரிபாருங்கள். எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து அட்டை தொலைத்துத் திரும்ப எடுத்தவர்கள் நிறையப் பேர். ஒன்பது இலக்கத்தோடு எழுத்து வருகிற பழைய அட்டையும், பன்னிரண்டு இலக்கப் புது அட்டையும் மாறி மாறிக் கொடுத்திருப்பார்கள். ஒரு படிவத்தில் முதலெழுத்தோடு பெயர், இன்னொன்றில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர். உங்களுடையது அல்லாத ஒன்று இருந்தாலோ, கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டினாலோ, திருத்த வேண்டியது அந்தத் தகவலைக் கொடுத்த நிறுவனம்தான். கட்டி முடித்த ரசீதோடு அந்தக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிவையுங்கள், பணியகத்துக்கும் அறிவியுங்கள்.

படி 5: விலை கேளுங்கள், விண்ணப்பம் கொடுக்காதீர்கள்

முக்கியமான படி இதுதான். விலை விசாரிப்பதற்கு உங்கள் அடையாள அட்டை தேவையே இல்லை. போய் உட்காருங்கள். "இத்தனை லட்சத்துக்கு, இத்தனை மாதத்துக்கு, தவணை எவ்வளவு வரும், ஒரு தாளில எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். அட்டையைக் கேட்டால், "இன்னும் முடிவு பண்ணேல்லை, விலை மட்டும் பார்க்கிறன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் நீட்டுகிற படிவங்களில் பெரும்பாலும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், என் கடன் தகவலைப் பெறச் சம்மதிக்கிறேன் என்று. தம்பி அந்த வரியை நாலு தரமும் வாசிக்கவில்லை.

கிடைத்த தாள்களைக் குசினி மேசையில் விரித்துவைத்துப் பெருக்குங்கள். ஒரே தொகைக்கு ஓர் இடத்தில் மாதம் 24,500 ரூபாய் 36 மாதம், இன்னோர் இடத்தில் 20,500 ரூபாய் 48 மாதம் என்று வையுங்கள். இரண்டாவது கைக்கு இலகுவாகத் தெரியும். முதலாவது மொத்தம் 882,000, இரண்டாவது 984,000. மாதம் 4,000 குறைத்துக்கொள்வதற்காக 102,000 ரூபாய் கூடக் கட்டுகிறீர்கள், அறுவடை காசு வரும்போது அந்தப் பணம் எத்தனை மூட்டை நெல் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். இதோடு காப்புறுதி, பதிவுச் செலவு, முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். தவணையை மாதா மாதம் இல்லாமல் போகத்துக்கு ஏற்ப வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், கேட்காமல் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

படி 6: ஓர் இடத்தில் மட்டும் கையெழுத்து

முடிவு செய்த இடத்தில் கொடுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். இல்லை என்று சொன்னால் காரணம் கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் அடுத்த வாசலுக்கு ஓடினால் அடுத்தவருக்கும் அதே காரணம்தான் தெரியும், கூடவே இன்னொரு விசாரணையும் தெரியும்.

ஏற்கெனவே பல இடத்தில் கொடுத்துவிட்டவர்கள் பதறவேண்டாம். பதிவுகள் பழசாகப் பழசாக அவற்றின் பாரம் குறையும். தவணை பிந்துவதுதான் பெரிய அடி, விசாரணை அதற்கு முன்னால் சின்ன விசயம். தம்பி அந்தப் போகத்துக்குப் பக்கத்து வயல்காரரின் உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்தான், ஏற்கெனவே இருந்த சின்னக் கடனை ஒரு நாளும் பிந்தாமல் கட்டினான், சிறுபோகத்துக்கு முன்னம் ஒரே ஓர் இடத்தில் கேட்டான், கிடைத்தது.

படி 7: அடையாள அட்டைப் பிரதியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள்

மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்து கடன் தருகிறோம் என்று பிரதி வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பிரதியின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்த இடத்துக்கு, எதற்கு, என்ன திகதி என்று நீலப் பேனையால் எழுதிக் கொடுங்கள். எழுத்து அட்டைப் படத்தின் மேல் விழவேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டுத் திரும்பவும் பிரதி எடுக்கலாம்.