ரேக்கில் சர்வர் ஏற்றுவது எப்படி: சாயாமல், நழுவாமல்

ரேக் எனும் உயரமான இரும்புச் சட்டத்தில் சர்வர் ஏற்றும்போது பெரிய விபத்து இரண்டு விதமாக வரும். ரேக் முன்பக்கம் சாயும். இல்லையென்றால் ரெயிலில் (சர்வரை இருபக்கமும் தாங்கி, டிராயர் போல இழுக்கவிடும் தண்டு) சரியாக உட்காராத பெட்டி நழுவி விழும். இரண்டையும் முன்கூட்டியே தடுக்கலாம்.

சக்கரத்தில் நிற்கும் ரேக்கில் எதையும் ஏற்றாதீர்கள். நான்கு லெவலிங் கால்களையும் திருகி இறக்குங்கள். சக்கரத்தைக் கையால் தட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்; அப்போதுதான் எடை காலுக்கு வந்திருக்கிறது. ரேக் முன்னால் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கால் இருந்தால் மாட்டுங்கள். யுபிஎஸ், ஸ்டோரேஜ் போன்ற கனமானவை கீழே, ஸ்விட்ச் மேலே.

சென்னையில் தரைத்தள அறை என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குப் பயந்து கனத்தை ரேக்கின் உச்சிக்கு ஏற்றாதீர்கள், கவிழ்ந்துவிடும். ரேக்கையே கான்கிரீட் மேடை மேல் நிறுத்தி போல்ட் போடுங்கள். முதல் மாடியில் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது.

அடுத்து ரெயில். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ரேக்கின் உயரத்தை 'யு' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு யு என்பது 44.45 மி.மீ., அதில் தூணில் மூன்று துளை. துளைகளின் இடைவெளி சமமாக இருக்காது: 15.9, 15.9, பிறகு 12.7 மி.மீ. அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு துளை தள்ளி மாட்டினால் அடுத்த பெட்டி நுழையாது. முன்தூணில் ஒரு துளை, பின்தூணில் வேறு துளை என்றால் ரெயில் சரிந்து, சர்வர் பாதியில் இறுகி நிற்கும். அதனால் நான்கு தூண்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி யு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். புதிய ரெயில்கள் பெரும்பாலும் சதுரத் துளையில் தானே கொளுவிக்கொள்ளும். பழையவற்றுக்கு எம்6 கேஜ் நட் (சதுரத் துளையில் மாட்டும் கூண்டு நட்) வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும், நாலைந்து கூடுதலாகவே வாங்குங்கள்.

டிஸ்க் நிரம்பிய 2யு சர்வர் 30 கிலோவைத் தொடும். பவர் சப்ளையையும் டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு (எது எந்த ஸ்லாட் என்று எழுதி ஒட்டிவிட்டு) இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். முன்பக்கத்தில் இருபுறமும் நீட்டியிருக்கும் காதுகளையோ பவர் சப்ளை கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. தோள் உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் லிஃப்ட் வண்டி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ரெயிலை முழுக்க இழுத்து, அது பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். சர்வரை இறக்கும்போது இரண்டு பக்கமும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கையை எடுக்காதீர்கள். தூக்கி மறுபடி உட்காரவையுங்கள். உள்ளே தள்ளும்போது இறுகினால் அழுத்தாமல் வெளியே இழுங்கள். பால் பேரிங் நசுங்கினால் ரெயிலையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் ஒரு சர்வர்தான் வெளியே நீட்டியிருக்கலாம்.

குளிரூட்டிய அறையிலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் சர்வரில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். பிளாஸ்டிக் உறையோடு கொண்டுபோய், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டு, உள்ளே உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

ரேக் சட்டத்தைப் பச்சை-மஞ்சள் வயரால் எர்த் பாரோடு இணையுங்கள். சர்வரின் இரண்டு பவர் சப்ளையும் தனித்தனி பிடியூவுக்கு (ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளக் பட்டை) போக வேண்டும். ஒன்று போனால் மற்றது முழு லோடையும் தாங்கியாக வேண்டும் என்பதால், 16 ஆம்பியர் பிடியூ இரண்டிலும் சேர்த்தே 12.8 ஆம்பியரை (16-இல் 80 சதவீதம்) தாண்டவிடாதீர்கள்.

கேபிள் கட்டிய பிறகு, சர்வரை ஒருமுறை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். எந்த வயராவது விறைத்தால் அதற்கு நீளம் போதவில்லை. காலி யுக்களை பிளாங்க் பேனலால் (வெறும் மூடித் தகடு) மூடுங்கள். மூடாவிட்டால் பின்பக்கச் சூடான காற்று முன்னால் சுற்றி வந்து சர்வருக்குள்ளேயே போகும்.