ஊர்ச் சின்னத்தை எடுத்து அச்சடிக்கும் முன்

ஜெர்மனியில் வீடு கிடைத்துவிட்டதா? குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் முக்கியம். வரி எண் தபாலில் வரும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது, ஊராட்சி அலுவலக வாசலில் இருக்கும் ஊர்ச் சின்னக் கேடயத்தைப் பற்றி. அதற்கு வாப்பன் என்று பெயர்.

என் நண்பர் இருப்பது பவேரியா மாநிலத்தில் ஆஷாஃபன்பர்க் நகரத்துப் பக்கம், மைன் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அந்த ஊரின் சின்னம், சிவப்புக் கேடயத்தில் ஆறு ஆரங்கள் கொண்ட வெள்ளைச் சக்கரம், அடியில் அலைக்கோடு. ஊர்த் திருவிழாவில் தோசைக் கடை போட இடம் கிடைத்த சந்தோஷத்தில், அந்தச் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு பேனரும் 500 அட்டைகளும் அச்சடித்தார். நம்மூரில் திருவிழா பிளெக்ஸில் கோபுரம் போட யாரிடம் கேட்கிறோம்? விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கடிதம் வந்தது: அனுமதி இல்லை, எடுத்துவிடுங்கள். பவேரியாவின் ஊராட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது, ஊரின் அனுமதி இல்லாமல் வெளியார் அதன் வாப்பனைப் பயன்படுத்தக் கூடாது. அத்தனையும் குப்பைக்குப் போனது. ஊர்மேல் உள்ள பிரியத்தில் செய்த காரியம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதைவிட அவரை உறுத்தியது வேறு. அது வண்டிச் சக்கரம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி உட்காரவைத்து விளக்கினார். அது மைன்ஸ் சக்கரம். இந்தப் பகுதியை ஆண்டது மைன்ஸ் நகரப் பேராயர், மதகுருவே அரசர். ஆஷாஃபன்பர்க்கில் ஆற்றோரம் நிற்கும் சிவப்புக்கல் அரண்மனை அவர்களுடையதுதான். 1803-ல் அந்த அரசு கலைந்தது, 1814-ல் இந்தப் பக்கம் பவேரியாவிடம் போனது. சக்கரம் மட்டும் கேடயங்களில் தங்கிவிட்டது. தூரத்து எர்ஃபுர்ட் நகரச் சின்னத்திலும் அதே சக்கரம்தான், அதுவும் மைன்ஸ் ஆட்சியில் இருந்த ஊர். அலைக்கோடு குறிப்பது மைன் ஆற்றை. வேறு ஊர்ச் சின்னங்களில் சாவி இருந்தால் பெரும்பாலும் புனித பேதுரு, சிப்பி இருந்தால் புனித யாக்கோபு. அங்கே தேவாலயம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், புரியும்.

இன்னொன்று: கேடயத்தின் வலது என்பது அதைப் பிடித்து நிற்பவரின் வலது, நமக்கு இடது. படத்தைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

சின்னம் வேண்டுமென்றால் எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று எழுதி, மாதிரிப் படத்தோடு முன்கூட்டியே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நண்பர் இந்த வருடம் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.