வெளியூரில் ஒரு கோடை: உடைகளைத் தேர்ந்தெடுப்பதும் உடுத்துவதும்

பயிற்சிப் பணிக்காகவோ படிப்புக்காகவோ உறவினர் வீட்டில் தங்குவதற்காகவோ கோடையில் இரண்டு மூன்று மாதம் வெளியூர் போகிறவர்கள், பெட்டியை எடுத்து வைத்தவுடன் ‘எத்தனை செட் துணி எடுத்துக்கொள்ளலாம்’ என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தங்கப்போகும் இடத்தில் துணியை எங்கே துவைக்கப்போகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க முடியும், துவைத்தது காய எவ்வளவு நேரமாகும் என்பதே அது. எடுக்க வேண்டிய உடைகளின் எண்ணிக்கை, துணி வகை, ஓரளவுக்கு நிறம் ஆகிய மூன்றும் இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே கிளம்புவதற்கு முன் தங்கும் இடத்தில் துவைக்கும் எந்திரம் இருக்கிறதா, துணி உலர்த்த மாடியோ பால்கனியோ உண்டா என்று விசாரித்துவிடுவது நல்லது.

விடை தெரிந்துவிட்டால் கணக்கு எளிது. வாரத்துக்கு ஒருமுறைதான் துவைக்க முடியும் என்றால் ஏழு நாளைக்கு ஏழு மேலாடைகள், துவைத்தவை காயும் நாளுக்கு ஒன்று, எதிர்பாராமல் கறை படும் நாளுக்கு இன்னொன்று என ஒன்பது போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் கையால் துவைத்துக்கொள்ள முடிகிறவருக்கு ஐந்து மேலாடைகளே தாராளம். பேண்ட், பாவாடை போன்ற கீழாடைகள் மேலாடைகள் அளவுக்கு வியர்வையில் நனைவதில்லை என்பதால் அவை மேலாடைகளில் பாதி இருந்தால் போதும். உள்ளாடையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது; துவைக்கும் இடைவெளி எத்தனை நாளோ அதைவிடக் குறைந்தது மூன்று கூடுதலாக இருக்க வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது

கோடை என்று பொதுவாகச் சொன்னாலும் வறண்ட வெயிலும் புழுக்கமும் உடலுக்கு ஒன்றல்ல. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரம் குறைவான இடத்தில் இது தானாக நடந்துவிடும் என்பதால், அங்கே முழுக்கையும் கணுக்கால் வரையிலான நீளமும் கொண்ட தளர்வான உடை வெயிலைத் தடுத்து நன்மையே செய்கிறது. புழுக்கமான இடத்திலோ வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். அங்கே துணிக்கும் தோலுக்கும் இடையில் காற்று புகுந்து வெளியேற வழி வேண்டும். கழுத்து சற்றே அகலமாகவும், கை விளிம்பு தளர்வாகவும், இடுப்பில் ஒட்டாமலும் தைத்த உடைகளே அதற்கு ஏற்றவை.

கருப்பு உடுத்தினால் வெந்துபோவோம் என்ற பரவலான எண்ணத்தையும் இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பாலைவனத்தில் பெடூயின் என்னும் நாடோடி அரபு மக்கள் கருப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியானது. கருப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சினாலும், அந்தக் கூடுதல் வெப்பம் தோலை அடையும் முன்பே வெளியேறிவிடுகிறது என்றும், அணிந்தவரின் உடல் பெறும் வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான் என்றும் அதன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அது தொளதொளவென்ற அங்கிக்குப் பொருந்தும் முடிவு. உடலோடு ஒட்டிய கருப்பு டி-ஷர்ட்டை இதைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. ஆனாலும், நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தளர்வைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நூல் வகைகளில் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதமும், பருத்தி சுமார் 8 சதவீதமும் ஈரத்தை இயல்பாகவே ஏற்று வைத்துக்கொள்கின்றன. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்பதில்லை. பாலியஸ்டர் சட்டை சீக்கிரம் காய்வதற்கும், வியர்த்தால் பிசுபிசுவென்று உடலில் ஒட்டுவதற்கும் இதுவே காரணம். வியர்வை நாற்றமும் பருத்தியைவிட அதில் கூடுதலாகத் தங்குகிறது. ரேயான் என்ற விஸ்கோஸ் தொடுவதற்குக் குளுமையானது, உடலில் அழகாக விழவும் செய்யும். ஆனால் நனைந்தவுடன் அதன் வலு கணிசமாகக் குறைந்துவிடுவதால் முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் கிழிய வாய்ப்புண்டு. எனவே சலவையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவர் ரேயானில் ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்காமல், மேலாடைகளைப் பெரும்பாலும் பருத்தியிலும், கசங்கலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் லினனிலும் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. லினன் கசங்கத்தான் செய்யும். அதை இஸ்திரி போட்டு அடக்கப் பார்ப்பவர் அதை வாங்காமலிருப்பதே மேல்.

கடையில் லேபிளைப் படித்ததோடு நிறுத்தாமல் இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள். முதலில், சட்டையின் கீழ் விளிம்பைக் கைக்குள் சுருட்டிப் பத்து வினாடி இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். கோடுகள் கூர்மையாக அப்படியே நின்றால், பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் அது அப்படித்தான் இருக்கும். பிறகு, துணியை ஒற்றை அடுக்காக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரல்களை விரித்து வையுங்கள். விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அதற்குள் இன்னொரு ஆடை அணிய வேண்டியிருக்கும், அதனால் மெல்லிய துணியின் பயனே போய்விடும். இணையத்தில் வாங்குகிறவர்கள் ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் காட்டும் ஜிஎஸ்எம் அளவைப் பார்க்கலாம்: கோடைச் சட்டைக்கு 100 முதல் 150 வரையும், டி-ஷர்ட்டுக்கு 140 முதல் 180 வரையும் பொருத்தமாக இருக்கும். சாதாரண ஜீன்ஸ் துணி 400க்கு மேல் போகும் என்பதோடு காய ஒரு முழு நாளையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றை மட்டும் பயணத்தன்று உடுத்திக்கொண்டு போனால் போதும்.

தோற்றம் எங்கிருந்து வருகிறது

குறைந்த உடைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தும் முறை புதிதல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் 1985இல் தம் பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பே ஒன்றோடொன்று சேரும் ஏழு எளிய ஆடைகளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆனால் அத்தகைய முறைகளில் பெரும்பாலானவை கோட்டு, ஜாக்கெட் போன்ற மேலடுக்குகளை நம்பியிருக்கின்றன. குளிர்காலத்தில் நல்ல கோட்டு ஒன்று உள்ளே இருக்கும் சுமாரான சட்டையை மறைத்துவிடும். கோடையில் உடலில் இருப்பது ஒரே அடுக்கு, மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் கோடையில் ஒருவருடைய தோற்றத்தைத் தீர்மானிப்பவை அளவு, கழுத்தின் வடிவம், துணியின் நெசவு, காலணி ஆகிய நான்குதான்.

இவற்றில் செலவு குறைவானதும் பலன் மிகுந்ததும் அளவைச் சரிசெய்வதே. தளர்வாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் தோள்பட்டை இறங்கிப்போய், இரவல் வாங்கி உடுத்தியதுபோலத் தெரியும். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும்; தளர்வு அதற்குக் கீழே, மார்பிலும் இடுப்பிலும் இருக்கட்டும். அரைக்கை முழங்கைக்குச் சற்று மேலே முடிவதும், பேண்ட் குதிகாலில் மடிந்து குவியாமல் கணுக்காலோடு நிற்பதும் எவருக்கும் நேர்த்தியைத் தரும். இந்தத் திருத்தங்களை, நம் உடல்வாகை அறிந்த தையற்காரரிடம் கிளம்புவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்; போன இடத்தில் ஆள் தேடுவதற்குள் பாதிக் கோடை போய்விடும்.

நிறத்தில் கட்டுப்பாடு அவசியம். கீழாடைகளைக் கருநீலம், சாம்பல், பழுப்பு போன்ற அடங்கிய நிறங்களில் இரண்டுக்குள் நிறுத்திக்கொண்டால், மேலாடை ஒவ்வொன்றும் எல்லாக் கீழாடைகளோடும் சேரும். ஐந்து மேலாடையும் மூன்று கீழாடையும் பதினைந்து விதமாகும் என்று கணக்குக் காட்டுவார்கள். பார்ப்பவர்களின் நினைவில் நிற்பது மேலாடை மட்டுமே என்பதால் உண்மையில் அது ஐந்துதான். அதனால் என்ன? ஒரே நீலச் சட்டையை வாரம் ஒருமுறை உடுத்துவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை, அது பொருத்தமாக இருந்தால் அவருடைய அடையாளமாகவே ஆகிவிடுகிறது. மேலாடையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வியர்வை தெரிவது. வெளிர்சாம்பலும் நடுத்தர நீலமும் நனைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கருநீலம், சிறிய பூக்களோ நெருக்கமான கட்டங்களோ போட்ட துணி ஆகியவை மறைத்துவிடும். மேடையில் பேசுவதோ நேர்முகத் தேர்வுக்குப் போவதோ இருந்தால் அந்த நாளுக்கு இவற்றில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

மேலடுக்கு ஒன்றாவது தேவைப்படும் இடம் ஏசி அறை. வெளியே வெயிலும் உள்ளே குளிருமாக மாறி மாறி இருக்கும் அலுவலகத்துக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்றைத் திறந்தபடி மேலே போட்டுக்கொள்ளலாம், அல்லது பெரிய பருத்திச் சால்வை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதுவே நண்பகலில் வெளியே நடக்கும்போது கையையும் கழுத்தையும் மூடும். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை யுபிஎஃப் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதக் கதிரே உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் தடுப்பு இதற்கு மிகவும் கீழே. நனைந்தால் அதுவும் குறையும். நெருங்கிய நெசவும் அடர்நிறமும் தடுப்பைக் கூட்டும். தொப்பி எடுப்பதானால் சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்பாவது உள்ளதாக இருக்கட்டும், முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் காக்காது.

காலணி இரண்டு ஜோடி போதும், ஆனால் இரண்டு வேண்டும். நாள் முழுவதும் போட்ட மூடிய ஷூவின் உள்ளே ஊறிய ஈரம் காய ஒரு நாளாவது ஆகும் என்பதால் மாற்றி மாற்றிப் போடுவதே நாற்றத்தைத் தடுக்கும் வழி. வெயிலில் கால் சற்று வீங்குகிறது. ஆகையால் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சில நாள் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

அறையில் துவைக்கும் முறை

அறையிலேயே துவைப்பவர்கள் பலர் சட்டையை அலசி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டுவிட்டுக் காலையில் அது இன்னும் ஈரமாக இருப்பதாக வருந்துகிறார்கள். முறுக்குவதற்குப் பதிலாக, அலசிய சட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தித் தண்ணீரை வடியவிட்டு, காய்ந்த துண்டு ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டி, முழங்காலை ஊன்றி ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்துங்கள். துண்டு கனத்துப்போகும், சட்டை லேசாகிவிடும். பிறகு அகலமான ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, காலரையும் பொத்தான் பட்டையையும் கையின் விளிம்புகளையும் இரு விரலால் இழுத்து நீவிவிட்டு, சுவரில் படாமல், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் தொங்கவிட்டால் மெல்லிய பருத்திச் சட்டை பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். இஸ்திரியும் அநேகமாகத் தேவைப்படாது.

அக்குளில் படியும் மஞ்சள் கறைக்கு வியர்வை மட்டும் காரணமல்ல. வியர்வையைக் குறைக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடு சேர்ந்து துணியில் படிவதாலேயே அது உருவாகிறது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையைப் போடுவதும், கழற்றிய அன்றே அந்த இடத்தை மட்டுமாவது அலசிவிடுவதும் இதற்குத் தீர்வு. சன்ஸ்கிரீனும் இதைப்போன்றதே: அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த வகை, இரும்புச் சத்துள்ள தண்ணீரில் துவைக்கும்போது வெள்ளைக் காலரில் துருப்போன்ற கறையை உண்டாக்கும். இவ்விரு கறைகளுக்கும் குளோரின் பிளீச் போட்டால் நிறம் இன்னும் அழுத்தமாகிவிடும்.

பெட்டியை நிரப்பிவிடாமல் கால் பங்கு இடத்தை விட்டுவையுங்கள். போன இடத்தின் வெயிலையும், உடன் வேலை செய்கிறவர்கள் உடுத்தும் முறையையும் இரண்டு வாரம் பார்த்த பிறகு, உண்மையில் எது குறைகிறது என்பது தெரியும். அப்போது அங்கேயே ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது எல்லாவற்றையும் துவைத்து முழுக்கக் காயவைத்த பிறகே அடுக்குங்கள். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் துணியிலும் வியர்வையும் சன்ஸ்கிரீனும் எஞ்சியிருக்கும், அப்படியே மடித்து அடுத்த கோடைவரை அலமாரியில் வைத்தால் அவை மஞ்சளாக வெளிப்படும்.