பெரியப்பா ஏன் முகம் சுளிக்கிறார்? தன்பாலீர்ப்பு மீதான வெறுப்பின் வேரைத் தேடிப் பேசுவது எப்படி

வீட்டில் யாராவது தன்பாலீர்ப்பு உள்ளவர்களை, அதாவது தன் பாலினத்தவர் மேலேயே ஈர்ப்பு வருகிறவர்களைப் பற்றி முகம் சுளித்துப் பேசினால் உடனே பதில் சொல்லாதீர்கள். கேட்க லேசாக இருக்கும், செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். நான் பெரியப்பாவில் தொடங்கி ஆபீஸ் டீக்கடை வரை பல வருஷம் சண்டை போட்டவன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னேன், அறிவியல் சொன்னேன், மோகினி கதையைக்கூட எடுத்துவிட்டேன் ("அது சாமி சமாச்சாரம்டா, அதையும் இதையும் சேக்காதே" என்று பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்). ஒன்றும் நகரவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, வாயில் வருவது ஒன்று, உள்ளே உறுத்துவது வேறொன்று. "இயற்கைக்கு விரோதம்" என்று சொல்கிறவருக்கு இயற்கையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அவர் கவலை அடுத்த தை மாதம் மண்டபத்தில் யார் என்ன கேட்பார்கள் என்பது. நாம் இயற்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் காதில் எப்படி ஏறும்?

அதனால் முதலில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" தனியாக இருக்கும்போது கேளுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம், கூட்டத்தில் கேட்டால் அவர் தன் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார், கூட்டத்துக்காகப் பேசுவார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். முதல் பதில் டிவியில் கேட்டதாக இருக்கும், இரண்டாவது வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும், மூன்றாவதுதான் அவருடையது.

அதற்கு முன் உங்கள் சொந்த வேரை ஒருமுறை தோண்டிப் பார்த்துவிடுங்கள். கல்லூரி ஹாஸ்டலில் எங்கள் மாடியில் ஒரு பையன் இருந்தான். மெதுவாகப் பேசுவான், சட்டையை மடித்து வைப்பான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவனை "ஒம்போது" என்று கூப்பிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அவனைக் கூப்பிடாமல் விட்டால் அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அவன் தன்பாலீர்ப்பு உள்ளவனா என்பதுகூட இன்று வரை எனக்குத் தெரியாது. "ஆம்பளையா லட்சணமா இரு" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊரில் எல்லாப் பையன்களும் ஒருவரையொருவர் காவல் காக்கிறார்கள், மாட்டுகிறவன் யாராக இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பெண்மை என்றால் மட்டம் என்ற எண்ணம்தான் இதற்கு அடியில் கிடக்கிறது. அதை நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெரியப்பாவிடம் பேசும்போது என் குரலில் இருந்த வாத்தியார்த்தனம் கொஞ்சம் இறங்கியது.

சரி, இப்போது அவர் பக்கம் வருவோம். நான் பார்த்த வரையில் தமிழ் வீடுகளில் இந்த வெறுப்பின் ஆணிவேர் மதம் இல்லை, கல்யாணம். "கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற வசனத்தைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. நம் ஊரில் கல்யாணம் எப்போது இரண்டு பேர் சமாச்சாரமாக இருந்தது? சாதி அடுத்த தலைமுறைக்குப் போவது அந்த வழியில்தான், சொத்தும் அந்த வழியில்தான், இருபது வருஷமாக ஊரெல்லாம் வைத்த மொய் திரும்பி வர வேண்டியதும் அந்த மேடையில்தான். அண்ணன் கல்யாணம் நின்றால் தங்கைக்கு வரன் பார்க்கும்போது கேள்வி வரும். ஒரு பையன் "எனக்குப் பெண் வேண்டாம், நான் இப்படித்தான்" என்று சொன்னால் அவன் தன்னைப் பற்றி மட்டும் சொல்வதாக நினைக்கிறான், வீட்டுக்கு அது மொத்தக் கணக்கும் நின்றுபோவதாகக் கேட்கிறது. பெண் சொன்னால் இன்னும் மோசம். அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கும் என்பதையே ஒப்புக்கொள்ளாத வீடு, அது இன்னொரு பெண்மேல் என்றால் காதிலேயே வாங்காது, போனைப் பிடுங்கி வைத்துவிட்டு மாப்பிள்ளை தேடும். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளுக்கு நடப்பதோடு இதை வைத்துப் பாருங்கள். அதே பூட்டிய அறை, "மானம் போச்சு" என்ற அதே அழுகை.

இந்த வேர் என்று தெரிந்துவிட்டால் உரிமை, சுதந்திரம் என்று ஆரம்பிக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுங்கள். "கால்கட்டு போட்டா சரியாயிடும்னு சொல்றீங்களே, நம்ம வீட்டுப் பொண்ணை அப்படி ஒரு பையனுக்குக் கட்டிக் குடுப்பீங்களா?" என்று கேளுங்கள். இதற்கு "குடுப்பேன்" என்று சொன்ன ஒரு மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை. தன்மேல் ஆசையே வராத ஒருவனோடு முப்பது வருஷம் வாழ்கிற பெண்ணின் கதை அவர்களுக்கும் தெரியும், எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு அத்தை இருப்பார், "ராசி சரியில்லை" என்று சொல்லி வைத்திருப்பார்கள். கல்யாணம் இல்லாமல் குடும்பம் ஏது என்று கேட்டால், சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 மே மாதம் சொன்னது இருக்கிறது: குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்று மட்டுமே வழி அல்ல, தானாகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது என்பதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் யாராவது ஒரு சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் நீங்கள் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும்.

"இதெல்லாம் ஃபாரின் சரக்கு" என்பது அடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடலைத் தாண்டி வந்தது இதற்கான தண்டனைதான். 1533ல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து போட்ட சட்டம் இதற்கு மரண தண்டனை வைத்தது, தூக்கு என்பது சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது 1861ல்தான். அந்த மனநிலையோடு வந்தவர்கள்தான் நமக்கும் சட்டம் எழுதினார்கள். மெக்காலே 1834ல் கப்பலிலிருந்து இறங்கியது சென்னையில், அங்கிருந்து ஊட்டிக்குப் போய்த்தான் கவர்னர் ஜெனரலைப் பார்த்தார். அவர் தலைமையில் எழுதத் தொடங்கிய தண்டனைச் சட்டம் 1860ல் நிறைவேறி 1862 முதல் நடப்புக்கு வந்தது, அதில் ஒரு பிரிவு 377. "இயற்கை நியதிக்கு மாறான" உறவு என்ற சொல் அங்கேதான் இருக்கிறது, பெரியப்பா சொல்லும் "இயற்கைக்கு விரோதம்" ஏறத்தாழ அதன் தமிழாக்கம். அதே அச்சில் வார்த்த சட்டங்கள் பல காலனிகளுக்கும் போயின. இலங்கையில் 1883ன் தண்டனைச் சட்டத்தில் 365, 365ஏ பிரிவுகள் வந்தன, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த 377 என்ற எண்கூட மாறவில்லை. சிங்கப்பூர் 2022 நவம்பரில்தான் 377ஏ பிரிவை நீக்க ஓட்டுப் போட்டது. கொடுத்த இங்கிலாந்து தன் வீட்டில் 1967லேயே கைவிட ஆரம்பித்துவிட்டது, வாங்கிய நாம் 2018 செப்டம்பர் 6 வரை வைத்திருந்தோம். நடுவில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009ல் கழற்றியதை உச்ச நீதிமன்றம் 2013ல் திரும்ப மாட்டிவிட்ட கூத்தும் நடந்தது. சம்மதமுள்ள பெரியவர்களின் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அந்த 2018 தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற பொருளில் எழுதினார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "வெள்ளைக்காரன் வரும் வரை நாமெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் இருந்தோம்" என்று மட்டும் அடித்துவிடாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன், அது முழு உண்மை இல்லை. மனுஸ்மிருதியிலும் கண்டனம் இருக்கிறது. இருபிறப்பாளன் (பூணூல் போடும் மேல் வர்ணத்தவன்) ஆணோடு சேர்ந்தால் அங்கே பரிகாரம் உடுத்திய துணியோடு குளிப்பது, அதையும் ஆயுள் சிறையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, இருந்தாலும் கண்டனம் கண்டனம்தான். ஏற்கனவே இருந்த முகச்சுளிப்புக்குப் போலீஸையும் சிறையையும் துணைக்குக் கொடுத்தது அந்தச் சட்டம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

வியாதி என்று நினைப்பவர்களோடு பேசுவது ஒப்பீட்டளவில் சுலபம், அவர்களுக்குப் பெரும்பாலும் வெறுப்பு இல்லை, பயமும் பரிதாபமும்தான். மருத்துவமே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது என்பதை ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் 30 மற்ற ஆண்களுக்கும் உளவியல் சோதனை வைத்து, யார் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957ல் வெளிவந்த ஆய்வு அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை 1973ல் எடுத்தது, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ல் எடுத்தது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் "மாற்றுகிறேன்" என்று சிகிச்சை கொடுப்பதைத் தொழில் ஒழுங்கீனம் என்று 2022ல் அறிவித்துவிட்டது. எனவே "நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், சரி பண்ணிடுவார்" என்று யாராவது சொன்னால், சரி பண்ணுகிறேன் என்று கிளம்பும் டாக்டர் விதியை மீறுகிறார் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே இயற்கையைப் பற்றிக் கேட்கிறவர் என்றால் (அபூர்வம், ஆனால் உண்டு) செம்மறிக் கிடாவைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில் நூறு கிடாவில் ஏறத்தாழ எட்டு, பெண் ஆட்டை விட்டுவிட்டு ஆண் ஆட்டையே நாடியிருக்கின்றன. ஆடு வளர்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் பயப்படுகிறவரை மட்டும் கிண்டல் பண்ணிவிடாதீர்கள். சின்ன வயதில் யாரோ ஒரு ஆண் சொந்தக்காரரால் தொல்லைப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அதைப் பற்றி வெளியில் பேச வாய்ப்பே கிடைக்காத ஊர் இது, அவர்களுக்கு அந்த மாமாவும் "தன்பாலீர்ப்பு" என்ற சொல்லும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். நிதானமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அது குழந்தைமேல் நடந்த குற்றம், அதற்குப் போக்சோ சட்டம் 2012லிருந்து இருக்கிறது, பையனோ பெண்ணோ எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தும். 2018 தீர்ப்பு சம்மதமுள்ள பெரியவர்களைப் பற்றியது, குழந்தைக்கான பாதுகாப்பில் அது கை வைக்கவில்லை. இந்த இடத்தில் வாதத்தில் ஜெயிப்பது உங்கள் வேலை இல்லை, அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருங்கள், தன்பாலீர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேதத்தைக் காட்டிப் பேசுகிற வீடு என்றால் வசனத்துக்கு வசனம் எடுத்து மோதாதீர்கள், அவர் உங்களைவிட நன்றாகப் படித்திருப்பார். "உங்க நம்பிக்கை அப்படி, சரி, வீட்டை விட்டு அனுப்பணும்னு அதுல இருக்கா?" என்ற அளவில் நிறுத்துங்கள்.

சொல்லையும் கவனியுங்கள். பத்திரிகைகள் பல வருஷமாக எழுதிய "ஓரினச்சேர்க்கை" என்ற சொல் கேட்டவுடன் மனதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடும். அதில் காதல் இல்லை, துணை இல்லை, ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் கஞ்சி வைப்பது இல்லை. "தன்பாலீர்ப்பு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் வாசனையே மாறும். தமிழ்நாடு அரசே 2022ல் இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதோடு திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பு உள்ள ஆண் வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது, அந்தச் சொல் வீடுகளுக்குப் பழகிவிட்டது, பழகிய வேகத்தில் எல்லோரையும் அதிலேயே போட்டுவிடுகிறார்கள்.

நீதிபதிக்கே இது பாடமாக இருந்த கதை ஒன்று உண்டு, பெரியவர்களிடம் நன்றாக எடுபடும். 2021ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கே இதைப் பற்றி முழுசாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார், உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், பிறகுதான் உத்தரவு போட்டார். உயர் நீதிமன்ற நீதிபதியே தெரியாது என்று சொல்லலாம் என்றால் பெரியப்பாவும் சொல்லலாம், கௌரவம் குறையாது.

அந்த உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது, அவசரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்து, போனவர்கள் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். அடி, பூட்டிய அறை, கட்டாயக் கல்யாணம் என்று போய்விட்ட வீட்டில் வேர் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே முதல் வேலை அந்தப் பிள்ளையைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது. அப்புறம், யாராவது உங்களிடம் நம்பிச் சொன்னதை உதாரணமாகக்கூட வீட்டில் எடுத்துவிடாதீர்கள்.

மாற்றம் வருகிறதா என்று எப்படித் தெரியும்? நேரில் ஒருவரைத் தெரிந்தவர்களுக்கு வெறுப்பு குறைகிறது என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, ஆனால் அது வாதமாக வெளியே வராது, கேள்வி மாறும். எங்கள் பெரியம்மாவுக்கு என் நண்பன் ஒருவனைத் தெரியும், அவனே அவரிடம் சொல்லியிருந்தான். ஒரு வருஷம் "ஏன்டா அவன் இப்படி ஆனான்" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அவங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறாங்களே, ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?" என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்வி வரும்போது தீர்ப்பு, ஆய்வு எதையும் எடுக்காமல், யார் சமைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.