மலை ரோட்டுக்குப் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குவது எப்படி?

ஆடிச் சாரல் தொடங்கியதும் இடுக்கி மலையில் எங்கள் பூப்பாறைப் பக்கம் பழைய ஜீப்புக்குக் கிராக்கி வந்துவிடும். தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றி வரும் வண்டிகள் சேற்றில் சிக்கி நிற்பதைப் பார்த்ததும், நமக்கும் ஒரு ஃபோர் வீல் இருந்தால் தேவலை என்று வீட்டில் பேச்சு எழும். மார்கழியில் மூணாறுப் பக்கம் உறைபனி விழும்போது அதே பேச்சு மறுபடியும் வரும். கையில் இருப்பது மூன்று, நான்கு லட்சம். அதில் நல்ல வண்டியைத் தேடிப் பிடிக்க என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஃபோர் வீல் என்பது வண்டியை நகர்த்தும், நிறுத்தாது. இன்ஜினின் இழுவை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்குக்கும் போகிறது, அவ்வளவுதான். பிரேக் எல்லா வண்டியிலும் ஏற்கெனவே நான்கு சக்கரத்தில்தான் பிடிக்கிறது. மூணாறை அடுத்த செண்டுவாரைப் பக்கம் விடிகாலையில் தார் மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும்போது இறக்கத்தில் உங்களைக் காப்பது டயரும், நீங்கள் போட்டிருக்கும் கியரும்தான். அதனால் வண்டி பார்க்கும்போது டயர், அடிப்பாகம், பிரேக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் ஃபோர் பை ஃபோர் எழுத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: உங்கள் ரோடு எது?

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடிமெட்டு ஏறி மூணாறு போய்த் திரும்புவதுதான் உங்கள் வேலை என்றால், உங்களுக்கு ஃபோர் வீல் தேவையே இல்லை. நல்ல டயர் போட்ட சாதாரண கார் போதும். மிச்சமாகும் பணத்தில் பிரேக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம். தார் முடிந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதையில் ஏறித்தான் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போக வேண்டும், மழையில் அது வழுக்கும் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: இரண்டு வகை

பழைய ஜீப் வகையில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் ஓடும். கம்பியை மாற்றினால் முன்சக்கரமும் சேரும். இன்னும் ஒரு நிலையில் 'லோ' விழும். லோ போட்டால் வேகம் குறைந்து இழுவை பல மடங்கு கூடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதையில் ஜீப்புகள் நடை வேகத்தில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இடத்தில் லோ இல்லாமல் ஏறினால் கிளட்ச் கருகும்.

ஆனால் இந்த வகை வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் கிடையாது. மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, ஆல் வீல் டிரைவ் கார்கள். ரெனோ டஸ்டர், மகேந்திரா எக்ஸ்யூவி 500 இரண்டிலும் இந்த வகை வந்தது. முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் தானாகவே மற்ற இரண்டுக்கும் இழுவையை அனுப்பும். ஈரத் தார், சேறு, உறைபனி எல்லாவற்றுக்கும் இது நல்லது. லோ கியர் கிடையாது என்பதால் பெரிய கற்கள் கிடக்கும் பாதைக்கு வேண்டாம்.

படி 3: எந்த வண்டி?

எங்கள் பக்கம் கிடைப்பவற்றில் என் கணிப்பைச் சொல்கிறேன்.

மகேந்திரா எம்.எம். 540, 550: பெஷோ டீசல் இன்ஜின். எந்த ஒர்க் ஷாப்பிலும் கை வைப்பார்கள். வயசு அதிகம், பாதுகாப்பு வசதி எதுவும் இல்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கு வாங்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போய்வர இதை வாங்காதீர்கள்.

மாருதி ஜிப்ஸி: பெட்ரோல், எடை குறைவு, சேற்றில் அருமையாகப் போகும். நல்ல நிலையில் இருப்பதை விற்பவர்கள் ஆசைக்காரர்களுக்கென்றே விலை வைக்கிறார்கள். மலிவு என்ற கணக்கில் இது வருவதே அபூர்வம்.

மகேந்திராவின் பழைய 'தார்' ஜீப் (2010 முதல் 2020 வரை வந்தது), ஃபோர் வீல் பொலிரோ, ஸ்கார்ப்பியோ: உதிரிபாகம் போடியிலும் அடிமாலியிலும் கிடைக்கும் என்பதே பெரிய பலம். 'தார்' ஜீப்பின் டி.ஐ. ரகத்தில் இரண்டு சக்கர வகையும் உண்டு. பொலிரோ, ஸ்கார்ப்பியோவில் பெரும்பாலானவை இரண்டு சக்கர வகைதான். குட்டைக் கம்பியோ சுவிட்சோ இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

டஸ்டர் ஆல் வீல்: 2014-இல் வந்தது, டீசல், ஆறு கியர், முதல் கியரை மெதுவாக ஏற வசதியாகக் குறுக்கி வைத்திருப்பார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய வண்டிகள் பழசாகி மலிவாகக் கிடைக்கும். வாங்குவது எளிது, ஒரு உதிரிபாகத்துக்குக் கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.

படி 4: வண்டிக்கு முன் ஆர்.சி. (பதிவுச் சான்று)

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) மூன்றையும் பாருங்கள். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 வருட வண்டி மலிவாக வருவதற்கு அந்தச் செலவும் ஒரு காரணம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டி.என். 60 (தேனிப் பதிவு) வண்டியை வாங்கி இடுக்கியில் வைத்துக்கொள்வதென்றால் பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கேரள வரி தனி. டெல்லியில் 10 வருடம் முடிந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அவை தெற்கே மலிவாக வருவதுண்டு. வண்டி நன்றாகவே இருக்கலாம். வரியையும் மறுபதிவையும் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு சக்கர ஜீப்பை ஒர்க் ஷாப்பில் ஃபோர் வீலாக மாற்றி விற்பவர்களும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

படி 5: விடிகாலையில் போங்கள்

விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் முன்பே ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். குளிரில் டீசல் இன்ஜின் கிளம்புவதுதான் உண்மையான சோதனை. டாஷ்போர்டில் இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்புங்கள். இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரலாம், சூடேறியதும் நிற்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

படி 6: அடியில் படுத்துப் பாருங்கள்

நான் வாங்கிய முதல் ஜீப்பில் இதைச் செய்யவில்லை. புது பெயின்ட், நல்ல சீட், குட்டைக் கம்பி அழகாக முன்னும் பின்னும் விழுந்தது. கர்க்கடக (ஆடி) மழையில் ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஏறும்போது பின்சக்கரம் சேற்றில் சுழன்றது. கம்பியைப் போட்டேன். விழுந்தது. முன்சக்கரம் அசையவே இல்லை. வண்டி மெல்லப் பின்னால் சறுக்கி ஓடைக் கரையில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் போய்ச் சாய்ந்தது. பின்னால் ஆறு பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன். மறுநாள் மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்தவர் எழுந்து வந்து, "தம்பி, முன் ஷாஃப்டே இல்லையே" என்றார். முன்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் அந்தத் தண்டை, டீசல் மிச்சமாகும் என்று யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு அடியில் படுங்கள். நடுவில் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் ஒரு பெட்டி இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட். இரண்டும் இருக்கிறதா? கையால் பிடித்து ஆட்டுங்கள். முனையில் உள்ள கிராஸ் என்ற இணைப்பு 'டக் டக்' என்று ஆடினால் தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவு இல்லை, விலையில் குறைக்கலாம்.

அப்புறம் ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டிகள்) மூன்றிலும் தனித்தனி ஆயில் உண்டு. லேசான ஈரக் கசிவு பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும், சொட்டினால் யோசியுங்கள். மெக்கானிக்கைக் கூட்டிப் போயிருந்தால் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் பல்சக்கரம் தேய்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

சேஸிஸில் துருவைத் தட்டிப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை. திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. அடி முழுவதும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் நேரம் எடுத்துப் பாருங்கள்.

கேரளத்தில் 2018 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டல், கார்ப்பெட்டைத் தூக்கினால் பூஞ்சை வாடை. ஆல் வீல் கார்களில் மின்சுற்றுகள் அதிகம் என்பதால் வெள்ளம் பார்த்த வண்டி தலைவலி தந்துகொண்டே இருக்கும்.

படி 7: மண்ணில் ஓட்டுங்கள்

தாரில் ஓட்டிப் பார்த்து ஃபோர் வீலைச் சோதிக்க முடியாது. ஒரு மண் தரைக்குக் கொண்டுபோங்கள். பழைய ஜீப், ஜிப்ஸி வகையில் முன்சக்கரத்தின் நடுவில் ஹப் இருக்கும். அதைக் கையால் திருகி லாக் செய்ய வேண்டியிருக்கலாம். இறங்கிச் செய்யுங்கள், இரண்டு பக்கமும் இலகுவாகத் திருகணும். ஃபோர் வீல் போட்டு ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி முரண்டு பிடிக்கும். பிடித்தால் வேலை செய்கிறது. திரும்ப இரண்டு சக்கரத்துக்கு மாற்றிக் கொஞ்சம் நேராக ஓட்டியதும் அந்த முரண்டு போய்விட வேண்டும். போகாவிட்டால் உள்ளே எதுவோ விடுபடாமல் நிற்கிறது. லோ போட்டு ஒரு மேட்டில் ஏறுங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் வேண்டாம்.

டஸ்டரில் சுவிட்சை லாக்குக்குத் திருப்புங்கள். விளக்கு எரிய வேண்டும். சரிவில் நின்று கிளம்பும்போது ஒருவரை வெளியே நிறுத்திப் பின்சக்கரம் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: டயர்

நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம். ஆல் வீல் காரில் இது மிக முக்கியம். இரண்டு புதுசும் இரண்டு மொட்டையும் இருந்தால் சுற்றளவு மாறி, பின்சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும் உள் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் வெட்டு) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் கெட்டியாகி ஈரத்தில் பிடிக்காது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் போதும். மலை மழைக்கு அதன் இருமடங்காவது வேண்டும் என்பது என் கருத்து.

கனடாவிலோ ஜெர்மனியிலோ வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளும் இந்தப் படியைப் படிக்க வேண்டும். அங்கே குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் நான்கு மாட்டிய சாதாரண கார், கோடை டயர் போட்ட ஆல் வீல் காரை விடச் சீக்கிரம் நிற்கும்.

படி 9: ஏ.சி.யும் ஹீட்டரும்

மலையில் ஏ.சி. எதற்கு என்று கெட்டுப்போனதை அப்படியே விட்டிருப்பார்கள். மூடுபனியில் நாலு பேர் உட்கார்ந்தால் கண்ணாடி உள்ளே வியர்த்து ரோடு தெரியாது. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டென்று தெளியும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

படி 10: விலையும் பிறகும்

கையில் நான்கு லட்சம் என்றால் மூன்றேகாலுக்கு மேல் பேசாதீர்கள். மிச்சம் டயருக்கும் பிரேக்குக்கும். வாங்கிய முதல் வாரமே இன்ஜின், கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன் ஆகிய எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அதன்பிறகு மழை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆறு மாதம் தொடாமல் விட்டால் கம்பி இறுகும், சீல் காய்ந்து ஆயில் கசியும்.