கொலோன் கதீட்ரல் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ்

ஊரை மேலேர்ந்து பாக்கறதுக்காக மட்டும்னா ஜெர்மனில இருக்கற கொலோன் கதீட்ரல்ங்கற பெரிய சர்ச்சோட தெற்கு டவர்ல 533 படி ஏறாதீங்க, லிஃப்ட் கிடையாது. பின்னாடியே இருக்கற ஹோஹென்சோலர்ன் பாலத்துல, கம்பி பூரா காதலர்கள் பூட்டு தொங்கும், அதுல ரைன் ஆத்தைத் தாண்டி நடந்து போனா எதிர்க்கரைல கொலோன் ட்ரையாங்கிள் பில்டிங், டிக்கெட் வாங்கிட்டு லிஃப்ட்ல மேல போய் ஊரைப் பாக்கலாம்.

கதீட்ரல் டவர் மேல நின்னா ஊர் தெரியும், ஆனா 157 மீட்டர் இரட்டைக் கோபுரம் முழுசா தெரியாது, நாம நிக்கறதே அதுமேலதானே. ட்ரையாங்கிள் மேலேர்ந்து பாத்தா பாலம், ஆறு, கோபுரம் மூணும் ஒரே ஃபோட்டோல வந்துடும், அதுவும் சாயங்காலம் சூரியன் கோபுரத்துப் பக்கமா இறங்கும்போது அவ்ளோ அழகு.

பலத்த காத்து மழைன்னா ட்ரையாங்கிள் சரிப்படாது. கதீட்ரல்ல தொங்கற 24 டன் செயின்ட் பீட்டர் மணியைக் கிட்டப் பாக்கணும்னாலும் டவர்ல படி ஏறித்தான் ஆகணும், முட்டிவலி இல்லாதவங்க தாராளமா ஏறுங்க.